காம்பஸ் முள் எதிர்ப்பக்கம் திரும்புகிறது, எங்கே தவறு?

கேள்வி:
வணக்கம். கம்பியைத் தெற்கு வடக்காக மேசையில் ஒட்டி, அதன் மேல் காம்பஸை வைத்தேன். மின்னோட்டம் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. பாடப்படத்தில் முள்ளின் வடமுனை மேற்கே திரும்புகிறது, எனக்குக் கிழக்கே திரும்புகிறது. செல்லின் பிளஸ், மைனஸ் சரிதான், இரண்டு முறை பார்த்துவிட்டேன். வலது கை விதியைப் போட்டால் ஒரு தடவை கிழக்கு வருகிறது, ஒரு தடவை மேற்கு வருகிறது. நாளை மறுநாள் செய்முறைத் தேர்வு.

பதில்:
படத்தில் கம்பி காம்பஸுக்கு மேலே போகிறதா, கீழேயா?

கேள்வி கேட்டவர்:
மேலே போகிறது. என்னுடையதில் கீழே இருக்கிறது. இதனால் திசையே மாறுமா?

பதில்:
மாறும். உங்கள் சோதனை சரி, படமும் சரி. வலது கைப் பெருவிரலை மின்னோட்டத் திசையில் நீட்டிக் கம்பியைப் பிடியுங்கள். மற்ற விரல்கள் சுருளும் திசைதான் காந்தப்புலம். பெருவிரல் வடக்கே இருந்தால், கம்பிக்கு மேலே விரல்கள் கிழக்கே போகும், கீழே மேற்கே திரும்பி வரும். 1820-இல் டென்மார்க் இயற்பியலாளர் ஓர்ஸ்டெட் கண்டதும் இதுதான். கம்பிக்கு மேலே வைத்த முள் ஒரு பக்கமும் கீழே வைத்தது எதிர்ப்பக்கமும் திரும்பியதால்தான், புலம் கம்பியைச் சுற்றி வளைகிறது என்று அவர் எழுதினார். ஆகவே "புலம் எந்தத் திசை?" என்று மட்டும் கேட்டால் பதில் கிடையாது, எந்த இடத்தில் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

உங்களுக்கு இரண்டு விடை வந்ததற்கு வேறு காரணமும் இருக்கலாம். வலது கையில் பேனா இருக்கும்போது பலர் தெரியாமலே இடது கையை மடக்கிப் பார்ப்பார்கள். நான் திருத்திய தாள்களில் இந்தத் தவறை நிறையப் பார்த்திருக்கிறேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் செய்யுங்கள். பிளெமிங்கின் இடக்கை விதியையும் இங்கே கொண்டுவர வேண்டாம், அது கம்பி மீதான விசைக்கு.

கேள்வி கேட்டவர்:
பேனா விஷயம் உண்மைதான்! இன்னொன்று: கம்பியைக் கிழக்கு மேற்காகத் திருப்பினால் முள் அசையவே இல்லை. மின்னோட்டம் கிழக்கிலிருந்து மேற்கே போகிறது. கம்பி அறுந்துவிட்டதா?

பதில்:
கம்பிக்கு ஒன்றுமில்லை. இப்போது கம்பிக்கு மேலே புலம் வடக்கு நோக்கியே இருக்கிறது, முள்ளும் ஏற்கெனவே வடக்கேதான் நிற்கிறது. செல்லைத் திருப்பிப் போட்டால் புலம் தெற்கே திரும்பும். அப்போதும் பூமியின் புலத்தை அது மிஞ்சினால்தான் முள் புரளும்.

கணக்கையும் பாருங்கள். நீண்ட நேரான கம்பியில் 2 ஆம்பியர் போனால் 1 செ.மீ. தள்ளி 40 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) கிடைக்கும். பூமியின் புலம் இடத்தைப் பொறுத்து சுமார் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா, அதில் கிடைமட்டப் பகுதிதான் முள்ளைத் திருப்பும். தூரம் இரண்டு மடங்கானால் கம்பியின் புலம் பாதியாகிவிடும் என்பதால் காம்பஸைக் கம்பியோடு ஒட்டியே வையுங்கள். செல்லை இரண்டு மூன்று நொடிக்கு மேல் இணைக்காதீர்கள், கம்பி சுடும்.

கேள்வி கேட்டவர்:
செல்லைத் திருப்பினேன், கம்பியைக் காம்பஸுக்கு அடியில் நெருக்கி வைத்தேன். முள் சட்டென்று புரண்டு தெற்கே நின்றது. மிக்க நன்றி!