இடது கைக்காரனுக்கு ஒரு கத்தி உறை: தைப்பவர் யாராவது உண்டா?

வணக்கம். தோட்ட வேலைக்கு வைத்திருக்கும் நான்கு அங்குலக் கார்பன் எஃகுக் கத்திக்குக் கையால் தைத்த தோல் உறை வேண்டும். பெல்ட்டின் இடப்பக்கம் மாட்டுவேன். கடையில் இருப்பதெல்லாம் வலது கைக்காரர்களுக்குத்தான்.

மரப்பட்டையில் பதனிட்ட தோல் என்பதில் மாற்றமில்லை. நனைத்து, கத்தியின் மேல் அழுத்திக் காயவைத்தால் அந்த வடிவத்திலேயே விறைத்து நிற்கும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் தொளதொளத்துவிடும். தையல் ஓரத்தில் இரண்டு தோலுக்கும் நடுவே ஒரு தோல் பட்டை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கத்தியின் கூர் நூலையே அறுத்துவிடும். உள்ளூரில் செருப்புத் தைப்பவரிடம் சொன்னேன். "வெட்டிச் செலவு" என்று சிரித்தார்.

என் குழப்பம் இதுதான்: பிடியில் பாதியை விழுங்கும் ஆழமான உறையா, பட்டன் வார் வைத்ததா? குனிந்து களையெடுக்கும்போது கத்தி நழுவக் கூடாது. மண் கையோடு பட்டனோடு மல்லுக்கட்டவும் பொறுமையில்லை. மழைக்காலத்தில் துருப் பிடிக்காமலிருக்க அடியில் வடிதுளை விட்டவர்கள் உண்டா?

ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் பக்கம் ஒற்றை உறைக்கும் ஆர்டர் எடுப்பவரைத் தெரிந்தால் சொல்லுங்கள். மெஷின் தையல் வேண்டாம். ஒரே நூலில் இரண்டு ஊசி கோத்துத் தைப்பவராக இருக்க வேண்டும். விலையையும் குறிப்பிட்டால் நல்லது.