எமெண்ட், அமெண்ட்: ஒரே வினையா, இரண்டா?

கரிக்கோல்:
பழைய கடிதத் தொகுப்பு ஒன்றுக்கு ஆங்கிலத்தில் பதிப்புரை எழுதினேன். அதில் நான் ‘எமெண்ட்’ (emend) என்று எழுதியிருந்த இடங்களையெல்லாம் மெய்ப்புப் பார்த்தவர் எழுத்துப்பிழை என்று எண்ணி ‘அமெண்ட்’ (amend) ஆக்கிவிட்டார். திருத்தத்தைக் குறிக்கும் சொல்லையே தவறாகத் திருத்தியது ஒரு வேடிக்கை. இவை இரண்டும் வெவ்வேறு வினைகள் என்பதே என் கருத்து.

நெல்லிமரம்:
நான் மெய்ப்பாளர் பக்கம். இரண்டுக்கும் வேர் ‘எமெண்டாரே’ என்னும் இலத்தீன் வினைதான்; ‘மெண்டா’ என்றால் குறை, அதை வெளியேற்றுவது அவ்வினை. பழைய பிரெஞ்சில் முதலெழுத்து அகரமாகி 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது ‘அமெண்ட்’. கிழிசலைத் தைப்பதற்கு வழங்கும் ‘மெண்ட்’ அதன் தலை தேய்ந்த வடிவம். படித்தவர்கள் பின்னாளில் இலத்தீனிலிருந்தே நேராக எடுத்துக்கொண்டது ‘எமெண்ட்’. வேறுபாடு பொருளில் இல்லை, படிப்பின் பகட்டில்தான் இருக்கிறது.

கரிக்கோல்:
வேர் ஒன்று என்பதால் வேலையும் ஒன்றாகிவிடாது. ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகத்தில் ஃபால்ஸ்டாஃப் இறந்த விதத்தை விடுதிக்காரி சொல்லும் இடத்தில், அவன் மூக்கு பேனாமுனைபோல் கூர்த்திருந்தது என்பதை அடுத்து, ‘பச்சை வயல்களின் ஒரு மேசை’ (a Table of greene fields) என்று பொருளே இல்லாமல் அச்சிட்டிருந்தது அவர் நாடகங்களின் 1623ஆம் ஆண்டுத் தொகுப்பு. பின்னாளில் ஷேக்ஸ்பியரைப் பதிப்பித்த கவிஞர் அலெக்சாண்டர் போப் அதை நாடகமேடைக் குறிப்பு என்றும், கிரீன்ஃபீல்ட் என்பது மேடைச் சாமான்களைக் கவனித்தவரின் பெயர் என்றும் விளக்கம் சொன்னார்! அவருக்குப் பின் வந்த பதிப்பாசிரியர் தியோபால்ட் தம் 1733ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘பச்சை வயல்களைப் பற்றிப் பிதற்றினான்’ என்று பொருள்படும்படி ‘மேசை’யைக் குறிக்கும் Table என்ற சொல்லில் இரண்டோர் எழுத்துகளை மட்டும் மாற்றி babled ஆக்கினார். புதிதாக எதையும் சேர்க்க அவர் எண்ணவில்லை. ஆசிரியர் எழுதியதைத்தான் மீட்க முயன்றார். அந்த வேலையின் பெயர் ‘எமெண்ட்’.

நெல்லிமரம்:
ஆசிரியரின் கைப்பிரதியைத் தியோபால்ட் கண்டாரா? இல்லை. அப்படியிருக்க, அழகான ஓர் ஊகத்துக்கு மீட்பு என்று மரியாதை தேடித் தருகிறது உங்கள் சொல்.

கரிக்கோல்:
ஊகம் என்பதால்தான் வேறு சொல் தேவைப்படுகிறது. நாளைக்கே கைப்பிரதி கிடைத்தால் தியோபால்ட் சொன்னது தவறு என்று காட்டிவிடலாம். சட்டத்தை ‘அமெண்ட்’ செய்வதில் அதற்கு இடமில்லை. அமெரிக்காவில் 1919இல் நிறைவேறி மதுவைத் தடைசெய்த அரசியலமைப்பின் 18ஆம் திருத்தத்தை 1933இல் 21ஆம் திருத்தம் நீக்கியபோது, அது 1787இல் அரசியலமைப்பை எழுதியவர்களின் வாசகம் அல்ல என்று யாரும் வாதிடவில்லை. வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள், அவ்வளவுதான்.

மாடிப்படி:
இடையில் ஒரு சொல். தமிழில் இரண்டுக்கும் ‘திருத்து’ என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் நம் சொல் குறையிலிருந்து தொடங்குவதில்லை. காடு திருத்திக் கழனியாக்குகிறோம், காட்டில் பிழை இருந்ததென்று பொருளில்லை. ஆகவே சட்டத்துக்கு ‘திருத்தம்’ பொருந்துகிறது. ஏட்டுக்கு ‘பாடத்திருத்தம்’ என்று அடைமொழி சேர்க்காமல் முடிவதில்லை.

நெல்லிமரம்:
சரி, அந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் அளவுகோலையே உங்கள் தொகுப்பின்மேல் வைக்கிறேன். கடிதங்களில் இருந்த பழைய எழுத்துமுறையை இக்கால வழக்குக்கு மாற்றினீர்களா?

கரிக்கோல்:
மாற்றினேன்.

நெல்லிமரம்:
எழுதியவர் அப்படித்தான் எழுதினார், அதில் மீட்க எதுவுமில்லை. அந்த இடங்களில் மெய்ப்பாளரின் ‘அமெண்ட்’ அப்படியே இருக்கட்டும்.