ட்ரிக்கர் எப்படி இருந்தது? ரேஞ்சில் சுட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

டாலஸ் வாசி:

பிஸ்டல் வாங்க நினைக்கும் நண்பர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "ட்ரிக்கர் எத்தனை பவுண்டு?" என்பதுதான், அதாவது அதை இழுக்க விரல் எவ்வளவு விசை கொடுக்கவேண்டும் என்று. அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். க்ளாக் 17, வால்தர் பிபிக்யூ இரண்டுக்கும் காகிதத்தில் ஏறக்குறைய ஒரே எடைதான், ஐந்தரை பவுண்டு சொச்சம், அதாவது இரண்டரை கிலோ. இங்கே ரேஞ்சில் இரண்டையும் வாடகைக்கு எடுத்து அடுத்தடுத்துச் சுட்டுப் பாருங்கள், ஒரே எடை என்று யார் சொன்னாலும் நம்ப மாட்டீர்கள்.

க்ளாக்கில் விரலை வைத்ததும் கொஞ்ச தூரம் லேசாக வரும், அப்புறம் ஒரு இடத்தில் தட்டி நிற்கும், அங்கிருந்து அழுத்தினால் சட்டென்று விடுபடாமல் ரப்பர் பேண்டை இழுப்பது மாதிரி இறுகிக்கொண்டே போய்த்தான் விடும். காரணம் உள்ளமைப்பில் இருக்கிறது. ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) இழுத்து விட்டபோது ஸ்ட்ரைக்கர் (குண்டின் பின்பக்கத்தைக் குத்தும் ஊசி) ஓரளவுதான் பின்னுக்குப் போயிருக்கும், மீதியை நம் விரல்தான் இழுத்து முடிக்கிறது. பிபிக்யூவில் ஸ்லைடே பெரும்பாலான வேலையை முடித்து வைத்துவிடும். அதனால் விரல் தட்டி நிற்கும் இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போதும், கண்ணாடிக் குச்சி முறிந்த மாதிரி விடுபடும். ரீசெட்டும் மிகக் குட்டை, ஒரு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. சுட்ட பிறகு விரலை அவ்வளவு தூரம் மட்டும் முன்னால் விட்டால் க்ளிக் என்று கேட்கும், அடுத்த குண்டுக்குத் தயார்.

இதில் எது நல்லது? எங்கள் ரேஞ்சில் வாரக்கடைசியில் கூடும் நாங்கள் நாலைந்து பேர் இதைப் பற்றி இன்னும் முடிவுக்கு வரவில்லை. பல வருடம் க்ளாக்கே சுட்டுப் பழகிய ஒருவர், பிபிக்யூவைக் கையில் வாங்கினால் தான் நினைப்பதற்குள் சுட்டுவிடுகிறது என்கிறார். அவருக்கு அந்த இறுக்கம்தான் அறிகுறி, விடுபடப் போகிறது என்று விரலுக்குச் சொல்வதே அதுதான். எனக்கு நேர் எதிர். சுத்தமாக முறிய வேண்டும்.

1911 என்ற பிஸ்டலைச் சுட்டுப் பார்க்காதவர்கள் ஒருமுறையாவது சுட்டுப் பார்க்கவேண்டும். ஜான் பிரௌனிங் வடிவமைத்தது, அமெரிக்க ராணுவம் 1911-ல் எடுத்துக்கொண்டு 1985 வரை வைத்திருந்தது. மற்ற பெரும்பாலான பிஸ்டல்களில் ட்ரிக்கர் ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டு வளைவாக வரும். இதில் நேராகப் பின்னால் வழுக்கிக்கொண்டு வரும். ஹாமர் (ஊசியைத் தட்டும் சுத்தியல்) ஏற்கனவே மேலே நிற்பதால் விரலுக்கு ஒரே வேலை, அதைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கியை விடுவிப்பது. நல்ல நிலையில் உள்ள 1911 நாலு பவுண்டில் விடுபடும்போது, நூறு வருடத்துக்கு முன்னால் போட்ட வடிவம் இது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. .45 குண்டின் உதை அதிகம்தான், விலையும் அதிகம். சரி, அது வேறு பேச்சு.

எடை எண் ஏமாற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. க்ளாக் 17 குண்டு இல்லாமல் சுமார் 630 கிராம். அதன் ட்ரிக்கரை இழுக்க இரண்டரை கிலோ. அதாவது துப்பாக்கியைப் போல நாலு மடங்கு விசையை ஒரு விரல் கொடுக்கிறது, கொஞ்சம் சாய்ந்து கொடுத்தாலும் முழு துப்பாக்கியும் நகரும். சிஇஸட் ஷேடோ 2 முழுக்க இரும்பு, 1.3 கிலோவுக்கு மேல், அதனால் அதே தப்பான இழுப்புக்கு அது அவ்வளவாக அசைந்து கொடுக்காது. ஷேடோவைச் சுட்டுவிட்டு "என்ன ட்ரிக்கர்!" என்று சொல்பவர்களில் பாதிப்பேர் மெச்சுவது அந்தக் கனத்தைத்தான் என்று நினைக்கிறேன்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். மாடல் பெயரோடு, எந்தத் தூரத்தில் சுட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் எல்லோருக்கும் உதவும்.

கோவை ஷூட்டர்:

அண்ணா, நான் இந்தியாவில் போட்டிக்குச் சுடுகிறவன், உங்கள் பவுண்டுக் கணக்கைப் படித்தாலே விரல் வலிக்கிறது. நான் ஆரம்பித்தது 10 மீட்டர் ஏர் பிஸ்டல், அங்கே ட்ரிக்கருக்குக் குறைந்தபட்சம் 500 கிராம்தான். இப்போது சுடும் 25 மீட்டரில் .22 ரகக் குண்டு சுடும் பிஸ்டலுக்கு 1000 கிராம். இரண்டும் விதிப்படி இதற்குக் கீழே போகக்கூடாது என்கிற எல்லைகள், எல்லோரும் அந்த எல்லையை ஒட்டியேதான் வைத்துக்கொள்வார்கள். போட்டிக்கு முன்னால் பரிசோதனை உண்டு. குழல் மேல்நோக்கி நிற்க, ட்ரிக்கரில் எடைக்கல்லை மாட்டித் தூக்குவார்கள், கல்லைத் தாங்கிக்கொண்டு ஹாமர் விழாமல் இருக்கவேண்டும், மூன்று வாய்ப்புக்குள். முதல் தடவை விழுந்தால் பக்கத்தில் நிற்கும் நமக்கு வயிறு கலங்கும்.

எங்கள் பக்கம் பர்டினிதான் அதிகம், இத்தாலிக்காரர்கள் செய்வது. இரண்டு கட்ட ட்ரிக்கர். முதல் கட்டத்திலேயே அந்த ஆயிரம் கிராமில் பெரும் பகுதியை விரல் வாங்கிக்கொள்ளும், இரண்டாவது கட்டத்துக்கு மிச்சம் கொஞ்சம்தான். எவ்வளவு மிச்சம் என்பதில்தான் ஆளுக்கு ஆள் சண்டை. துல்லியச் சுற்றில் ஐந்து குண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கிறது, அங்கே இரண்டாவது கட்டம் மிக லேசாக இருந்தால் சுகம். அதே பிஸ்டலை வைத்துக்கொண்டு வேகச் சுற்றுக்குப் போனால் டார்கெட் மூன்று வினாடிதான் தெரியும், கையைத் தாழ்த்திய நிலையிலிருந்து தூக்கி ஒரு குண்டு சுடவேண்டும், ஏழு வினாடி மறையும், மறுபடி மூன்று வினாடி. கை மேலே வரும்போதே முதல் கட்டத்தை விரல் வாங்கியிருக்கவேண்டும், அங்கே இரண்டாவது கட்டம் மிக லேசாக இருந்தால் டார்கெட்டுக்குக் கீழேயே குண்டு போய்விடும். அதனால் எனக்கு இரண்டாவது கட்டம் கொஞ்சம் தெளிவாகத் தட்டவேண்டும். என்னோடு பயிற்சி எடுக்கும் ஒரு தங்கைக்குத் தட்டுவதே பிடிக்காது, ஒரே சீராக உருண்டு வந்து விடுபடவேண்டும் என்பாள், எப்போது விடுபட்டது என்று தெரியாமலே சுடுவாள். அவளுடைய ஸ்கோர் என்னுடையதைவிட நல்லது, அதனால் எதுவும் சொல்ல முடியவில்லை.

ரேபிட் ஃபயரில் இன்னும் கடுமை. ஐந்து டார்கெட், ஐந்து குண்டு, முதலில் எட்டு வினாடி, அப்புறம் ஆறு, அப்புறம் நாலு. 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வாங்கினாரே, அந்தப் போட்டிதான். இறுதிச் சுற்றில் ஒவ்வொரு தொடரும் நாலே வினாடி. அந்த வேகத்தில் ட்ரிக்கரை "உணர" நேரமே கிடையாது, வீட்டில் குண்டு போடாத வெறும் துப்பாக்கியை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து மாதக்கணக்கில் பயிற்சி செய்ததுதான் அங்கே வேலை செய்யும்.

நீங்கள் சொல்லும் க்ளாக் மாதிரி 9 எம்.எம். குண்டு சுடும் பிஸ்டல் எங்களுக்கு எட்டாத கனி. இங்கே அது தடைசெய்யப்பட்ட ரகம், சாதாரண லைசென்ஸில் கிடைக்காது. அதனால் க்ளாக், சிஇஸட் பற்றி நீங்கள் எழுதுவதை நான் ஏக்கத்தோடுதான் படிக்கிறேன்.

ராலே அக்கா:

எல்லாரும் எடை, ரீசெட் என்று பேசுகிறீர்கள், விரல் ட்ரிக்கரை எட்டுகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லையே? என் கை சின்னது. என் கணவர் ஆசையாக வைத்திருப்பது பெரெட்டா 92, அமெரிக்க ராணுவம் 1911 பிஸ்டலுக்குப் பிறகு எம்9 என்று எடுத்ததே, அதுதான். அழகான துப்பாக்கி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஹாமர் கீழே இருக்கும்போது முதல் குண்டுக்கு ட்ரிக்கர் வெகுதூரம் முன்னால் நிற்கும், அந்த இழுப்பிலேயே ஹாமர் எழுந்து விழவேண்டும், பத்துப் பவுண்டுக்கு மேல். என் விரல் நுனி மட்டும்தான் அதில் படும். நுனியால் இழுத்தால் துப்பாக்கி ஒரு பக்கமாகத் தள்ளப்படும், முதல் குண்டு எங்கேயோ போகும். இரண்டாவது குண்டிலிருந்து ஹாமர் தானே மேலே நிற்பதால் ட்ரிக்கர் பின்னால் வந்துவிடும், பாதி எடைதான், அப்போது எல்லாம் கறுப்பு வட்டத்துக்குள் விழும். முதலாவதுக்கு ஒரு விரல், மற்றதுக்கெல்லாம் வேறு விரல் தேவைப்படுகிற மாதிரி ஒரு துப்பாக்கி எனக்கு ஒத்துவராது. அவரோ அந்த நீண்ட முதல் இழுப்புதான் பாதுகாப்பு, தவறுதலாகச் சுடாது என்கிறார். அவர் கை பெரியது, அவருக்குச் சரி.

ரேஞ்சில் ஒரு பெண் பயிற்சியாளர்தான் வால்தர் பிடிபி எஃப் சீரிஸைக் கையில் கொடுத்தார். 2022-ல் வந்தது, பிடியின் சுற்றளவையும் ட்ரிக்கர் வரைக்குமான தூரத்தையும் குறைத்துச் செய்தது. பிடித்த உடனே விரலின் முதல் கணுவுக்கு முன்னால் உள்ள சதை அப்படியே ட்ரிக்கரில் உட்கார்ந்தது. ஏழு கெஜத்தில் சுட்டேன், பதினைந்தில் சுட்டேன், பெரெட்டாவில் இடது பக்கம் கீழே போய்க்கொண்டிருந்தது எல்லாம் நடுவுக்கு வந்துவிட்டது. என் சுடும் திறமை ஒரே மதியத்தில் கூடிவிடவில்லை, விரல் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

என் அம்மா இங்கே வந்திருந்தபோது அவருக்கும் ஆசை. கிரீன் கார்டு உள்ளவர் என்பதால் பிரச்சினை இல்லை. ரூகர் மார்க் 4-ஐக் கொடுத்தோம், .22, உதையே கிடையாது. ட்ரிக்கர் லேசு, சுத்தம். பயம் போய் அவர் சிரித்ததைப் பார்த்தபோது, புதிதாக வருகிறவர்களுக்கு எடுத்ததும் 9 எம்.எம். கொடுப்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வந்தது.

புதியவர்:

அக்கா, நான் எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடலாமா?

டாலஸ் வாசி:

தம்பி, முதலில் இதற்குப் பதில். குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ குண்டையோ கையில் வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது, ரேஞ்சில் வாடகைக்கு எடுப்பதும் அதில் சேரும். அதற்கு விலக்குகள் உண்டு, நம்மவர்கள் பயன்படுத்துவது செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். டெக்ஸாஸில் மாநில வனவிலங்குத் துறையிடம் வாங்கலாம். சிலருக்கு வேட்டைப் பயிற்சி வகுப்பும் தேவைப்படும். வாங்கிய பிறகு காலாவதி தேதியையும் கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் வக்கீலிடம் கேட்டுவிட்டு ரேஞ்சுக்குப் போங்கள், விசா விஷயத்தில் விளையாடாதீர்கள்.

ராலே அக்கா சொன்னது மிகச் சரி, நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய விஷயம் அது. அதோடு தூரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். க்ளாக் 17-ல் குறிபார்க்கும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி சுமார் 165 மில்லிமீட்டர். ட்ரிக்கரை இழுக்கும்போது முன் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கினாலும் ஏழு மீட்டரில் குண்டு நாலு சென்டிமீட்டர் தள்ளிப்போகும், அது யார் கண்ணையும் உறுத்தாது. 25 மீட்டரில் அதே ஒரு மில்லிமீட்டர் பதினைந்து சென்டிமீட்டர். ஏழு கெஜத்தில் மட்டும் சுட்டுவிட்டு "எல்லா ட்ரிக்கரும் ஒன்றுதான்" என்பவர்களை ஒருமுறை டார்கெட்டைக் கடைசிவரை தள்ளிவைத்துச் சுடச் சொல்லுங்கள்.

கனமான ட்ரிக்கர் பாதுகாப்பு என்ற வாதத்தையும் பார்த்துவிடலாம். நியூயார்க் காவல்துறை ரிவால்வரிலிருந்து பிஸ்டலுக்கு மாறியபோது இதே எண்ணத்தில்தான் க்ளாக்குக்குப் பன்னிரண்டு பவுண்டு ஸ்பிரிங் போட்டார்கள், இன்றும் அந்த வகை ஸ்பிரிங்குக்கு நியூயார்க் ட்ரிக்கர் என்றே பெயர். ஐந்தரை கிலோ! வாடகைத் துப்பாக்கி ஒன்றில் அந்த மாதிரி ஸ்பிரிங் இருந்ததைச் சுட்டுப் பார்த்தேன், மேகசினில் (குண்டு நிரப்பும் பெட்டி) உள்ளது முடிவதற்குள் விரல் நடுங்கியது, குண்டுகளும் ஒரே இடத்தில் விழாமல் சிதறின. தவறுதலாகச் சுடாமல் இருக்க விரலை ட்ரிக்கருக்கு வெளியே வைப்பதுதான் வழி, அதை ஸ்பிரிங்கிடம் ஒப்படைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதே நேரம் இடுப்பில் வைத்துக்கொள்ளும் துப்பாக்கிக்கு மூன்று பவுண்டு ட்ரிக்கர் கடையில் வாங்கி மாட்டுவதையும் நான் ஆதரிக்க மாட்டேன். போட்டித் துப்பாக்கியில் செய்யுங்கள், கன்ஸ்மித்திடம் கொடுத்துச் செய்யுங்கள்.

கோவைத் தம்பி சொன்ன வெறும் துப்பாக்கிப் பயிற்சி இங்கே அதைவிட முக்கியம். மேகசினை வெளியே எடுத்து, சேம்பரை (குழலில் குண்டு உட்காரும் இடம்) கண்ணாலும் விரலாலும் பார்த்து, குண்டுகளை வேறு அறையில் வைத்துவிட்டுச் செய்யுங்கள். .22 என்றால் அந்த மாடலை அப்படி வெறுமனே தட்டலாமா என்று கையேட்டில் பாருங்கள், சிலதில் சேம்பர் விளிம்பு அடிபடும். ரேஞ்சில் நண்பரிடம் மேகசினைக் கொடுத்து நடுவில் ஒன்றிரண்டு டம்மி குண்டு கலந்து நிரப்பித் தரச் சொல்லுங்கள். டம்மி வரும்போது துப்பாக்கி முனை கீழே குத்துகிறதா என்று பாருங்கள். குத்தினால் பிரச்சினை ட்ரிக்கரில் இல்லை, சத்தத்தை எதிர்பார்த்துக் கை முந்திக்கொள்கிறது, எந்த பிராண்டுக்கு மாறினாலும் அது கூடவே வரும். குத்தவில்லை, ஆனாலும் குண்டு ஒரே பக்கமாகப் போகிறது என்றால் அக்கா சொன்ன மாதிரி விரல் எட்டும் தூரத்தைப் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால்தான் எந்த ட்ரிக்கர் நன்றாக முறிகிறது என்ற பேச்சுக்கே போகவேண்டும். புதியவர் லைசென்ஸ் வாங்கிய பிறகு சொல்லுங்கள், டாலஸ் பக்கம் என்றால் என்னிடம் உள்ள மூன்று பிஸ்டல்களையும் கொண்டுவருகிறேன், 25 கெஜம் வரை வைத்துச் சுட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குப் போகலாம்.