கண் அழுத்தம் 14தான், ஆனாலும் பார்வை குறைகிறது

அம்மாவுக்கு 64 வயது, மதுரை. 2019 முதல் திறந்த கோண கிளாக்கோமா (கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு மெல்ல மெல்லச் சேதமாகும் நோய்). அப்போது அழுத்தம் 26, சொட்டு மருந்தால் இப்போது 13–15. ஆனாலும் வலது கண் ஃபீல்டு டெஸ்டில் (பார்வைப் பரப்பை அளக்கும் சோதனை) எம்டி, அதாவது சராசரிப் பார்வை இழப்பின் அளவு, இரண்டே வருடத்தில் மைனஸ் 6இலிருந்து மைனஸ் 11க்குப் போய்விட்டது. இழப்பு கீழ்ப்பாதியில், நடுப்பார்வைக்கு மிக அருகில். படி இறங்கத் தடுமாறுகிறார்.

கருவிழித் தடிமன் 485 மைக்ரான்தான். மெல்லிய கருவிழியில் அழுத்தம் குறைத்தே பதிவாகும், அதனால் அந்த 14ஐ நம்ப முடியவில்லை. நாள் முழுக்க அளந்தபோது அதிகாலையில் 19 வந்தது.

இரவு லட்டானோபிராஸ்ட், காலை மாலை டார்சோலமைட், பிரிமோனிடின், இவைதான் சொட்டு மருந்துகள். ஆஸ்துமா இருப்பதால் டிமோலால் சொட்டு தரக்கூடாது. மருந்துக்கு மருந்து 10 நிமிட இடைவெளி, விட்டதும் மூக்கோர மூலையை 2 நிமிடம் அழுத்துவது, எதுவும் தவறுவதில்லை. கண்ணுக்குள் இருக்கும் திரவம் நன்றாக வடியச் செய்யும் எஸ்எல்டி லேசரில் 2 புள்ளிதான் குறைந்தது. இரவில் ரத்த அழுத்தம் அதிகம் இறங்கினால் பார்வை நரம்புக்கு ரத்தம் குறையும் என்று, பிரஷர் மாத்திரையை டாக்டரே காலைக்கு மாற்றிவிட்டார். எம்ஆர்ஐ நார்மல், புரை ஏற்கெனவே எடுத்தாயிற்று.

இப்போது மைட்டோமைசினுடன் (தழும்பு வளராமல் தடுக்கும் மருந்து) டிராபெகுலெக்டமி, அதாவது கண் திரவம் வடியப் புது வழி திறக்கும் அறுவை சிகிச்சை, செய்து அழுத்தத்தை 10க்குக் கொண்டுவரலாம் என்கிறார்கள். நடுப்பார்வையை ஒட்டி இழப்பு இருக்கும்போது இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, மிச்சமிருந்த நடுப்பார்வை தங்கியதா?