சரிவில் இறங்கும்போது வயிறு எங்கே போகிறது?

செந்தூல் மாமா:
போன சனிக்கிழமை அக்கா மகளோடு கோலாலம்பூரில் பெர்ஜாயா டைம்ஸ் ஸ்குவேர் பேரங்காடிக்குப் போயிருந்தேன். அந்தக் கட்டடத்துக்குள் ஓடும் சூப்பர்சோனிக் ஒடிசி என்ற ரோலர் கோஸ்டரில் 2003-இலிருந்து ஏறாமலே தப்பித்து வந்தவன் நான். பதினாலு வயசுப் பிள்ளைக்கு முன்னால் மானம் போகக் கூடாதே என்று ஏறிவிட்டேன்.

தோள்மேல் கம்பி இறங்கிப் பூட்டிக்கொண்டது. மேலே ஏறும்வரை ஒன்றுமில்லை. கீழே ஆட்கள் பையும் கையுமாக நடப்பதைக்கூட வேடிக்கை பார்த்தேன். அப்புறம் சரிவு. அடிவயிற்றில் ஜிவ்வென்று ஒன்று கிளம்பி நெஞ்சுக்குழி வரை வந்தது. தலைகீழாகப் புரட்டியபோதுகூட அப்படி இல்லை.

இறங்கியதும் பிள்ளை கேட்டாள்: “மாமா, வயிறு நெசமாவே மேல ஏறிருச்சா?” பதில் தெரியாமல் ஒரு மைலோ வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன். உங்களுக்கு எங்கெல்லாம் இப்படி ஆகியிருக்கிறது?

லிஃப்ட்காரன்:
அண்ணே, லிஃப்ட் பழுதுபார்ப்பதுதான் என் பிழைப்பு. எனக்கு இது தினப்படிச் சங்கதி. ஒருமுறை வீட்டிலிருந்து எடை பார்க்கும் தராசை எடுத்துப்போய் லிஃப்டுக்குள் வைத்து ஏறி நின்றேன். சும்மா நிற்கும்போது 72 கிலோ. கீழே கிளம்பிய கணத்தில் முள் 65 பக்கம் இறங்கியது. ஒரே சீரான வேகத்துக்கு வந்ததும் மறுபடி 72. வேகமாக மேலே போய் நிற்கப்போகும் நேரத்திலும் முள் அப்படியே இறங்கும், வயிறும் சொல்லும். வேகம் வயிற்றை ஒன்றும் செய்வதில்லை, வேகம் சட்டென்று மாறுவதுதான் செய்கிறது. மணிக்கு 800, 900 கிலோமீட்டரில் பறக்கும் விமானத்தில் உட்கார்ந்து சாவகாசமாக டீ குடிக்கிறோமே. புது லிஃப்டுகளில் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைப்பதால் பாதிப் பேருக்குக் கிளம்பியதே தெரியாது. பழைய அடுக்குமாடி லிஃப்டுகள் குதிக்கும், அது வேறு கதை.

ஆயர் ஈத்தாம் அக்கா:
தம்பி சொல்வது சரி. பினாங்கில் எங்கள் கொடிமலை ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-இல் புது வண்டி விட்டதும் மாமியாரை அழைத்துப் போனேன். பாதை அவ்வளவு செங்குத்து. இறங்கும்போது முன்கண்ணாடி வழியே பார்த்தால் நேரே மரங்களுக்குள் விழப்போவதுபோல் இருக்கும். மாமியார் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது. “வயிறு என்னவோ பண்ணுதா அத்தை?” என்று கேட்டேன். “வயித்துக்கு ஒண்ணுமில்ல, காதுதான் அடைக்குது” என்றார். சீராக இறங்குகிற வண்டி, அதனால் கண்ணுக்குத்தான் பயம்.

பட்டர்வொர்த் பையன்:
நாசி கண்டார் ஒரு பிளேட் முடித்துவிட்டு ராட்டினக் கப்பலில் ஏறியவன் நான். மேற்கொண்டு கேட்காதீர்கள்.

வார்டு அக்கா:
மாமா, மருமகளுக்கு இப்படிச் சொல்லுங்கள். குடல் வயிற்றுக்குள் இறுகக் கட்டி வைத்த சாமான் இல்லை. பின்பக்கச் சுவரோடு ஒரு சவ்வில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதன் கனம் அந்தச் சவ்வை நாள் முழுக்க இழுக்கிறது. பழகிப்போனதால் நமக்குத் தெரிவதில்லை. உட்கார்ந்த இருக்கையும் நீங்களும் குடலும் சேர்ந்தே விழும்போது அந்த இழுப்பு திடீரென்று தளர்ந்துவிடுகிறது. கயிற்றில் போட்ட ஈரத்துணியை எடுத்ததும் கயிறு துள்ளுமே, அந்த மாதிரி. அதை நரம்பு மூளைக்குச் சொல்கிறது. உள்காதும் ‘விழுகிறோம்’ என்று தனியாக மணியடிக்கிறது. மேலே ஏறியதுபோலத் தோன்றுவது பாரம் போனதால்தான். வண்டி உங்களைவிட வேகமாகக் கீழே போய் தோள்கம்பி உங்களை அழுத்தி இழுக்கும் இடங்களில், குடல் உண்மையிலேயே கொஞ்சம் மேல்பக்கம் நகரும்.

வயிற்றை எக்கி இறுக்கிக்கொண்டால் பலருக்குக் குறைகிறது. பிள்ளைகள் கத்துவதும் ஒருவகையில் அதுதான், கத்தும்போது வயிறு தானாக இறுகும்.

செந்தூல் மாமா:
நேற்று திரும்பப் போனேன். இந்தத் தடவை கடைசி வரிசை. முன்பெட்டிகள் சரிவில் இறங்கி இழுப்பதால் உச்சியைத் தாண்டும்போதே கடைசிப் பெட்டி நல்ல வேகத்தில் இருக்கிறது, இருக்கையிலிருந்து அப்படியே பிடுங்கி எடுத்தது. வயிற்றை இறுக்க மறந்துவிட்டேன். கத்த மறக்கவில்லை. மருமகள் அதைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள்.