வற்றாப்பளைப் பொங்கலுக்கு 29 பேர், கிணறு ஒன்று, கக்கூஸ் ஒன்று: எப்படிச் சமாளிப்பது?

முள்ளியவளை மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். நான் பிறந்தது வவுனியாவில், கலியாணம் முடித்து வந்தது முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளைக்கு. பக்கத்தில் இருக்கும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசியில் நடக்கும் பொங்கல் என்றால் எங்கள் வீடு சனத்தால் நிறைந்துவிடும். இதுவரை மாமி முன்னுக்கு நின்று நடத்தினார். நான் தேங்காய் துருவினேன், பிள்ளைகளைக் குளிக்க வார்த்தேன், அவ்வளவுதான். இந்த முறை மாமிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது, கதிரையை விட்டு அதிகம் எழும்ப முடியாது. “இனி நீ பார் பிள்ளை” என்று சாவிக்கொத்தைக் கையில் தந்துவிட்டார்.

வருகிறவர்களைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துப் பெரிய மாமா வீட்டார் ஹயஸ் வானில் 11 பேர். மட்டக்களப்பில் இருக்கும் மச்சாள், அத்தான், நான்கு பிள்ளைகள். கொழும்பிலிருந்து சித்தப்பாவும் சித்தியும் மாங்குளம் வரை ரயிலில். கனடாவிலிருந்து இவரின் அண்ணன் குடும்பம் ஐந்து பேர், எட்டு வருடத்துக்குப் பிறகு வருகிறார்கள். வீட்டில் நாங்கள் ஐந்து பேர். ஆக 29.

வீட்டில் இரண்டு அறை, ஒரு விறாந்தை. வைகாசியில் சோளகக் காற்று அடிக்கத் தொடங்கினால் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிடும், மோட்டரைக் கொஞ்ச நேரம் போட்டாலே கலங்கல் வரும். போன பொங்கலுக்குக் காலையில் நான்கு மணிக்கே கக்கூஸ் வாசலில் வாளியோடு வரிசை. பெரிய மாமா சின்ன ரேடியோவையும் கொண்டு உள்ளே போனார். செய்தி முடிந்து, காலநிலை முடிந்து, மரண அறிவித்தல் தொடங்கியும் ஆள் வெளியே வரவில்லை. அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. எல்லோரும் ஏறியாயிற்று என்று வான் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் மச்சாளின் மூன்றாவது பையன் எங்கள் மாமரத்தில் இருப்பது தெரிந்தது. ஒரே உயரத்தில் ஏழு பொடியன்கள் ஓடித் திரிந்தால், எண்ணுகிறவர் ஒருவனையே இரண்டு தரம் எண்ணிவிடுவார்.

இவர் கனடாக்காரரை முல்லைத்தீவில் ஒரு லொட்ஜில் விடுவோம் என்கிறார். மாமி அதைக் கேட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. என்ன செய்யலாம்? சாப்பாடு, தண்ணீர், படுக்கை எல்லாவற்றுக்கும் அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தண்ணீரூற்று அக்கா:

தங்கச்சி, லொட்ஜ் கதையை முதலில் விடுங்கோ. எட்டு வருடம் கழித்து வருகிற மனிதர் முற்றத்தில் பாயைப் போட்டு, தம்பியோடு விடிய விடியக் கதைக்கத்தான் வருகிறார். மாமி ஏன் சாப்பிடவில்லை என்பது உங்களுக்கும் விளங்கியிருக்கும். பிள்ளைகளுக்குப் பகல் வெக்கை தாங்காவிட்டால் ஒரு அறையை அவர்களுக்கு ஒதுக்கி, பெரிய பெடஸ்ரல் ஃபான் ஒன்றை வாடகைக்கு எடுத்து வையுங்கள். அது போதும்.

உங்களுக்கு உண்மையான பிரச்சினை தண்ணீர்தான். பொங்கலுக்கு இரண்டு கிழமை முன்பே கிணற்றை இறைத்துச் சேறு எடுத்துவிடுங்கள். இரவில் ஊறுகிற தண்ணீரை விடியுமுன் தாங்கிக்கு ஏற்றிவிட வேண்டும், பகலில் மோட்டர் பக்கம் யாரும் போகக் கூடாது. குடிக்கவும் சமைக்கவும் வைத்திருக்கும் பரலுக்கு மூடி போட்டு, அதற்குப் பொறுப்பாக ஒரு பெரிய பிள்ளையை விடுங்கள். ஆம்பிளைகளையும் பொடியன்களையும் வீட்டில் குளிக்க விடவே வேண்டாம். கச்சான் (நிலக்கடலை) தோட்டம் செய்கிற சொந்தக்காரர் யாராவது இருப்பார்கள்தானே, லாண்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு மெசினின் பெட்டியில் எல்லோரையும் ஏற்றித் தோட்டக் கிணற்றுக்கு அனுப்புங்கள். பம்பில் தண்ணீர் பாய்கிற வாய்க்காலில் அவர்கள் குளித்தால் தோட்டத்துக்கும் இறைத்தது ஆகும். எங்கள் வீட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் சாப்பாட்டை மறந்தாலும் அந்த லாண்ட்மாஸ்டர் சவாரியை இன்றைக்கும் போனில் கேட்கிறார்கள்.

கக்கூசுக்குப் பக்கத்து வீட்டாரிடம் இன்றைக்கே கதையுங்கள். விடியப்புறம் வேலிக்கு மேலால் கேட்டால் அவர்களுக்கும் சங்கடம். பெரிய மாமாவுக்குக் காலையில் ஒரு வேலை கொடுங்கள். “மரக்கறி பார்த்து எடுக்க உங்களுக்குத்தான் தெரியும், சந்தைக்கு நேரத்தோடு போக வேணும்” என்று முதல்நாள் இரவே சொல்லிவிட்டால் அவர் நான்கு மணிக்கே எழும்பி, ரேடியோவோடு சந்தையில் நிற்பார். நான் இதை எங்கள் பெரியப்பாவிடம் செய்து பார்த்துத்தான் சொல்கிறேன். அந்த வயது மனிதருக்குத் தன்னை ஒரு காரியத்துக்குத் தேடுகிறார்கள் என்பது பெரிய சந்தோசம்.

படுக்கைக்குப் பயப்படவே வேண்டாம். கைக்குழந்தைக்காரரும் வயதானவர்களும் உள்ளே. மற்றவர்களுக்கு முற்றத்தைக் கூட்டி, தறப்பாள் கட்டி, பாய் விரியுங்கள். பூச்சி பொட்டு வராமல் இரண்டு பல்ப் எரியட்டும், பொழுதுபடும்போதே பொச்சுமட்டைப் புகை போடுங்கள், பிள்ளைகளுக்கு நுளம்பு வலை கட்டாயம். வன்னியில் தறப்பாளுக்குக் கீழே சொந்தங்களை வைத்துப் பார்ப்பது எங்களுக்குப் பழகிய காரியம். 1995 கடைசியில் யாழ்ப்பாணத்துச் சனம் சண்டையில் இடம்பெயர்ந்து கிளாலிக் கடல் கடந்து வந்தபோது எங்கள் வளவில் ஐந்து அடுப்பு எரிந்தது. அம்மா ஒருவரையும் வேறு இடம் பார்க்கச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள்தான் இப்போது பொங்கலுக்குப் பிள்ளைகுட்டியோடு வருகிறார்கள்.

சாப்பாடு. இடியப்பம் பிழிய நினைக்காதீர்கள். கடைசித் தட்டு அவிவதற்குள் முதல் தட்டுச் சாப்பிட்டவருக்குத் திரும்பப் பசிக்கும். அவித்து விற்கிற அக்காமார் ஊரில் இருக்கிறார்கள், சொல்லி வையுங்கள். நீங்கள் சொதியும் சம்பலும் செய்தால் சரி. மத்தியானத்துக்குக் கொல்லைப்புறத்தில் கல் வைத்துக் கிடாரத்தில் சோறு, பருப்பு, பூசணிக்காய், கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை. அதற்கு மேல் எதுவும் வேண்டாம். மாமியைக் கொல்லைப்புற வேம்பின் கீழ் கதிரையில் இருத்துங்கள். உப்பும் புளியும் அவர் சொன்னபடிதான் விழ வேண்டும். சாவி உங்களிடம் இருக்கட்டும், அகப்பையை அவரிடம் நீட்டிக் கேளுங்கள்.

குமுழமுனைப் பொடியன்:

அக்கா எல்லாம் சொல்லிவிட்டார், நான் பயணத்தைச் சொல்கிறேன். சித்தப்பாவைக் கூட்டிவர மாங்குளத்துக்கு வான் அனுப்ப வேண்டாம். அங்கிருந்து ஒட்டுசுட்டான் ஊடாக முல்லைத்தீவுக்குப் போகிற பஸ் உங்கள் ஊரால்தான் போகிறது. பொங்கல் நடக்கிற திங்கட்கிழமை வானைக் கோயிலடி வரைக்கும் கொண்டுபோகலாம் என்று நினைக்காதீர்கள். தூரத்தில் விட்டு நடக்க வேண்டிவரும், நடக்க முடியாதவர்களைப் பின்னேரமே கொண்டுபோய் இருத்துங்கள்.

பிள்ளைகளை எண்ணுகிற பிரச்சினைக்கு எங்கள் வீட்டு வழி: ஒவ்வொரு பெரிய பிள்ளைக்கும் ஒரு சின்னப் பிள்ளை. வானில் ஏறும்போது “உன்ரை ஆள் எங்கே?” என்று மட்டும் கேட்க வேண்டும். சின்னவர்களின் கையில் போன் நம்பரைப் பேனையால் எழுதிவிடுங்கள். அந்தச் சனத்துக்குள் தவறினால் ஒலிபெருக்கியில் பேர் சொல்லித்தான் தேட வேண்டும். கச்சான் கடைகளைக் கண்டால் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள், அங்கேதான் அதிகம் தவறுகிறார்கள்.

மச்சம் (மீன், இறைச்சி) கேட்டு அழுகிறவர்களுக்குச் செவ்வாய் கழிந்த பிறகு நந்திக்கடல் இறால் இருக்கிறது என்று சொல்லி வையுங்கள். எங்கள் மாமா ஒருவர் கோயிலில் கும்பிட்டு முடித்த கையோடு இறால்காரருக்குப் போன் எடுப்பார்.

ஸ்காபரோ சித்தப்பா:

நானும் கனடாவிலிருந்து பொங்கலுக்கு வந்து போகிற ஆள், அதனால் எழுதுகிறேன். காசு பற்றி இங்கே யாரும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்காரர் கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது. வருகிறவர்களில் மூத்தவர் ஒருவர் முதலே எல்லோரிடமும் சேர்த்து, அரிசி மூட்டையையும் தேங்காயையும் கடையில் சொல்லி நேரே வீட்டில் இறக்க வேண்டும். உங்கள் கணவர் அண்ணனிடம் இதை மெல்லச் சொல்லட்டும். அவர் இப்படி ஒரு பங்குக்குக் காத்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிள்ளைகளுக்குக் கொதித்தாறின தண்ணீர், நுளம்பு வலை இரண்டும் இருந்தால் மற்றதெல்லாம் பழகும். என் மகள் முதல்நாள் கிணற்றடிக்கு வர மறுத்து அழுதவள், புறப்படுகிற நாள் வாளியை விட மறுத்து அழுதாள். முடிந்தால் ஒரு கிழமை முன்பே வரச் சொல்லுங்கள். சிலாவத்தை தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்துவந்து, காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கு எரிவதைப் பிள்ளைகள் கண்ணால் காண வேண்டும். நான் எவ்வளவு சொல்லியும் என் பிள்ளைகள் நம்பவில்லை, நேரே பார்த்த பிறகு இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை.

முள்ளியவளை மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. லொட்ஜ் இல்லை என்று முடிவாகிவிட்டது. இவரே மாமியிடம் போய்ச் சொன்னார். மாமி உடனே எந்தப் பாய் யாருக்கு என்று சொல்லத் தொடங்கி, அலுமாரியில் இருந்த போர்வைகளை எல்லாம் வெயிலில் போட வைத்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்காவும் சம்மதம், அவர்கள் வீட்டுக்கும் ஒன்பது பேர் வருகிறார்களாம், நாங்கள் கிடாரத்தில் சமைக்கும்போது அவர்களுக்கும் சேர்த்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறேன். ஆக 38 பேருக்குச் சோறு. கிடாரமும் கதிரையும் எங்கே எடுப்பது?

தண்ணீரூற்று அக்கா:

சனசமூக நிலையத்தில் கேளுங்கள், இல்லாவிட்டால் மாதர் சங்கத்தில் இருக்கும். 38 பேர் என்றால் இரண்டு கிடாரம், சோற்றுக்கு ஒன்று, கறிக்கு ஒன்று. நாளைக்கே போய்ப் பேர் பதிந்து, முற்பணமும் கட்டிவிடுங்கோ. அந்தக் கிழமை ஊரில் எல்லா வீட்டிலும் ஆட்கள்தான்.