பஞ்சப்பூர் பக்கம் அடுக்குமாடி வீடு வாங்கலாமா? உறையூர் வீட்டை விற்கும் முன் கேட்கிறேன்

பாண்டமங்கலத்துப் பெண் கேட்டது:

வணக்கம். நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். அப்பாவும் அம்மாவும் திருச்சி உறையூரில், பாண்டமங்கலம் பக்கம், தாத்தா கட்டிய வீட்டில் இருக்கிறார்கள். வாசற்படி உயரம், குளியலறை பின்கட்டில். அப்பாவுக்கு மூட்டுவலி முற்றிவிட்டது. இந்த வீட்டை விற்றுவிட்டு, லிப்ட் உள்ள அடுக்குமாடியில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று வாங்கித் தரலாம் என்று நினைக்கிறேன்.

தரகர் ஒருவர் பஞ்சப்பூர் அருகே ஒரு இடத்தைக் காட்டுகிறார். கட்டடம் அடித்தளத்தோடு நிற்கிறது. புதிய பேருந்து முனையம் வந்துவிட்டது, 2025 ஜூலையிலிருந்து வெளியூர் பஸ்கள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன, காய்கறிச் சந்தை வரப்போகிறது, டைடல் பூங்கா வரப்போகிறது, மெட்ரோவும் துவாக்குடியிலிருந்து பஞ்சப்பூருக்குத்தான் என்று அடுக்குகிறார். ஐந்து வருடத்தில் விலை இரட்டிப்பாகும் என்று உறுதியாகச் சொல்கிறார்.

அப்பா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "கழிவுநீர்ப் பண்ணை இருந்த இடத்துக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போகிறாய்?" என்கிறார். அம்மாவுக்குப் புது வீட்டில் ஆசை உண்டு, ஆனால் வெக்காளியம்மன் கோயிலை விட்டு இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்ற தயக்கமும் இருக்கிறது.

அங்கே வசிப்பவர்கள், அந்த இடத்தை நன்றாக அறிந்தவர்கள் சொல்லுங்கள். தரகர் சொல்வதில் எவ்வளவை நம்பலாம்? தை மாதத்தில் முன்பணம் கொடுக்கச் சொல்கிறார்.

சங்கிலி அளவை எழுதியது:

சகோதரி, நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீடு கருமண்டபத்தில். நீங்கள் பேருந்து முனையத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள், நான் கோரையாற்றைப் பற்றித்தான் முதலில் சொல்லியாக வேண்டும்.

திருச்சியில் வெள்ளம் என்றால் எல்லோரும் காவிரிப் பாலத்தில் நின்று எட்டிப் பார்க்கிறார்கள். காவிரி அகலமான ஆறு. அதன் மிகைநீரை முக்கொம்பிலேயே கொள்ளிடம் வாங்கிக்கொள்கிறது. ஊரின் தெற்கிலும் மேற்கிலும் வீட்டுக்குள் புகுந்து அரிசிப் பானை வரை நனைப்பது கோரையாறுதான். விராலிமலைப் பக்கத்து மழையை வாரிக்கொண்டு வருகிறது. பஞ்சப்பூர், எடமலைப்பட்டிப்புதூர், கருமண்டபம் என்று இறங்கி உய்யக்கொண்டான் வாய்க்காலோடு சேர்கிறது. புத்தூர் கலிங்கில் (உபரிநீரை வழிய விடும் தடுப்பு) வழியும் மிகைநீர் குடமுருட்டி ஆறாகிக் காவிரிக்குப் போகிறது. இந்த வழி முழுவதும் ஒரே குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் காவிரி நிரம்பி ஓடினால் குடமுருட்டித் தண்ணீர் உள்ளே விழ முடியாமல் நிற்கும், அது நின்றால் மேலே கோரையாறு கரை மீறும். ஆண்டில் பெரும்பகுதி முட்செடியும் ஆகாயத்தாமரையுமாகக் கிடக்கும் ஆற்றைப் பார்த்து யாருக்கும் பயம் வராது. 2021 நவம்பரில் பெய்த மழையில் எங்கள் பகுதித் தெருக்களில் படகு விட்டு ஆட்களை மீட்டார்கள். 2005 நவம்பர் வெள்ளத்தை உங்கள் அப்பாவிடமே கேளுங்கள், உறையூர்க்காரர் மறந்திருக்க மாட்டார்.

இப்போது முனையத்துக்கு வருகிறேன். 40 ஏக்கருக்குச் சற்று மேல், 400 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவு, ஒரே நேரத்தில் 401 பஸ்கள் நிற்க இடம். 2025 மே 9ஆம் தேதி திறந்தார்கள், ஜூலை 16 முதல் இயங்குகிறது. நல்ல கட்டடம், வேண்டிய கட்டடம். மத்திய பேருந்து நிலையத்தைச் சுற்றி வெளியூர் பஸ்கள் திணறி நின்றதைப் பார்த்தவன் யாரும் இதை வேண்டாம் என்று சொல்ல மாட்டான். பஞ்சப்பூரைத் தேர்ந்தெடுத்ததிலும் காரணம் உண்டு. மாநகராட்சிக்கு அங்கே நூற்றுக்கணக்கான ஏக்கர் சொந்த நிலம், உங்கள் அப்பா சொல்லும் கழிவுநீர்ப் பண்ணை நிலம். கையகப்படுத்தும் வேலை இல்லை. ஜங்ஷன் மேம்பாலத்தின் சென்னைப் பக்கக் கை ஒரு துண்டு ராணுவ நிலத்துக்காக எத்தனை வருடம் அந்தரத்தில் நின்றது என்பது ஊருக்கே தெரியும். சொந்த நிலம் என்றால்தான் வேலை நகர்கிறது.

ஆனால் 40 ஏக்கர் தளத்தில் விழும் மழை மண்ணுக்குள் இறங்காது. எங்கேயாவது ஓடியாக வேண்டும். பக்கத்தில் சந்தை வரும், அதற்கும் தளம் போடுவார்கள். அப்புறம் டைடல் பூங்கா. பெரிய கட்டடக்காரர்கள் மண் கொட்டி மேடாக்கிக்கொள்வார்கள். சுற்றியிருக்கும் தனியார் மனைகளில் மேடாக்காத மனை எதுவோ அதற்குத்தான் தண்ணீர் போகும். ஆற்றங்கரையிலேயே பஞ்சப்பூருக்குச் சாலை போடும் திட்டமும் இருக்கிறது. சாலைக்காகக் கரையை உயர்த்தினால் ஆறு வெளியே வராது, நல்லதுதான். ஆனால் தெருவில் விழும் மழையும் ஆற்றுக்குள் போக வேண்டுமே! போதிய மதகு வைக்காவிட்டால் கரைக்கு ஊர்ப்பக்கம் இருக்கும் தெருக்கள் குளமாகும். நான் சங்கிலி பிடித்து அளந்த ஊர்களில் இதைப் பல இடத்தில் பார்த்திருக்கிறேன்.

எனவே தரகரிடம் முதலில் புல எண்ணை (சர்வே நம்பர்) எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் வேண்டாம். அந்த எண்ணை வைத்துப் புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) 'அ' பதிவேடும் (நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்ப் பதிவேடு) இணையத்திலேயே எடுக்கலாம், சிங்கப்பூரிலிருந்தே முடியும். மனைக்குள்ளோ எல்லையிலோ ஓடை, வாய்க்கால் என்று கோடு போகிறதா, பக்கத்துப் புல எண் நீர்நிலைப் புறம்போக்கா என்று பாருங்கள். பதிவேட்டில் நஞ்சை என்று இருந்தால் அந்த நிலத்துக்கு எந்த வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்தது, அந்த வாய்க்கால் இப்போது எங்கே என்று விசாரியுங்கள். அடுக்குமாடி கட்டினாலும் தண்ணீருக்குப் பழைய வழி நினைவிருக்கும். ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் நகர் ஊரமைப்பு அனுமதியும் இருக்க வேண்டியவைதான். ஆனால் அந்தக் காகிதங்கள் இருப்பதாலேயே மனை மேடாகிவிடாது.

கார் நிறுத்துமிடம் தரைக்குக் கீழே என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். மின்மாற்றி, ஜெனரேட்டர், லிப்டின் குழி, இவை எந்த மட்டத்தில் வருகின்றன என்று கேளுங்கள். அப்பாவுக்காகத்தானே லிப்ட்? தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றால் அந்த லிப்ட் ஓடாது. மூட்டுவலிக்காரர் நான்காம் மாடியில் மின்சாரமும் இல்லாமல் இருப்பார்.

மண்டி வீட்டுப்பிள்ளை எழுதியது:

காந்தி மார்க்கெட்டில் எங்கள் குடும்பத்துக்குக் கமிஷன் மண்டி இருக்கிறது. சந்தை வரும் என்பதை வைத்து வீட்டு விலையைக் கணக்குப் போடாதீர்கள் என்று மட்டும் சொல்ல வந்தேன்.

1868இலிருந்து இருக்கும் மார்க்கெட் எங்களுடையது. அதற்கு மாற்றாக மதுரைச் சாலையில் கள்ளிக்குடியில் 77 கோடி ரூபாயில் ஒரு புதுச் சந்தை கட்டி 2017இல் திறந்தார்கள். வியாபாரிகள் போகவில்லை. பிடிவாதம் என்று வெளியே பேசினார்கள். காரணம் வேறு. விடியும் முன் காந்தி மார்க்கெட்டில் லோடு இறங்குகிறது. பெரம்பலூர், அரியலூர், புதுக்கோட்டைப் பக்கத்துச் சின்னக் கடைக்காரர் காய் வாங்கிய கையோடு வெங்காயம், மளிகை, வெற்றிலை எல்லாம் ஒரே நடையில் முடித்துக்கொண்டு திரும்புகிறார். காய்கறியை மட்டும் ஊருக்கு வெளியே தூக்கி வைத்தால் அவர் இரண்டு இடத்துக்கு வண்டி வாடகை கொடுக்க வேண்டும். அவர் வரவில்லை என்றால் நான் யாருக்கு விற்பது? 2020 ஊரடங்கில் ஜி கார்னர் மைதானத்துக்கு மாற்றினார்களே, மழை பெய்த இரவுகளில் சேற்றில் மூட்டை சுமந்த தொழிலாளிகள் பட்ட பாடு இன்னும் கண்ணில் நிற்கிறது.

பஞ்சப்பூர் கள்ளிக்குடியைவிடக் கிட்டத்தில் இருக்கிறது, பஸ்ஸும் இருக்கிறது. எனவே இந்தத் தடவை நடக்கலாம். மொத்த வியாபாரம் மட்டுமா, சில்லறையும் சேர்த்தா, கடை யார் யாருக்கு, வாடகை என்ன, இதையெல்லாம் எங்களோடு உட்கார்ந்து பேசி முடித்தால் நாங்கள் வருவோம். அது முடியும்வரை சந்தை என்பது தரகர் வாயில் மட்டும்தான்.

முனையத்துக்குப் பக்கத்துவீடு எழுதியது:

எல்லோரும் இப்படிப் பயமுறுத்த வேண்டாம். நான் பஞ்சப்பூரில் குடியிருக்கிறேன். எங்கள் தெரு மேடு, 2021இலும் தண்ணீர் வரவில்லை. முன்பெல்லாம் இரவில் ஆட்டோ கிடைக்காது, இப்போது நடு இரவிலும் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கிறது. என் மகள் வேலை முடிந்து தனியாக வீடு திரும்புகிறாள். இந்தக் கட்டடத்தால் எனக்குக் கிடைத்தது அதுதான், சிறிய விஷயமில்லை.

ஆனால் வயதானவர்களுக்கு என்றால் யோசியுங்கள். நல்ல மருத்துவமனைகள் பெரும்பாலும் புத்தூர், தில்லைநகர்ப் பக்கம்தான். இங்கிருந்து நகரப் பேருந்தில் போய்வர அரை நாள் கழிகிறது. நெடுஞ்சாலையைக் கடப்பதும் கஷ்டம். மெட்ரோவை நம்பி வீடு வாங்காதீர்கள், அது இன்னும் அறிக்கையாகத்தான் இருக்கிறது.

பாண்டமங்கலத்துப் பெண் எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்று தரகரிடம் புல எண் கேட்டேன். "முன்பணம் வந்தால் எல்லாக் காகிதமும் தருகிறோம்" என்றார். அப்பாவிடம் 2005 பற்றிக் கேட்டேன். தொலைபேசியில் வெகுநேரம் பேசினார். பீரோவைக் கட்டில்மேல் தூக்கிவைத்தது, பாட்டியைத் தோளில் சுமந்தது எல்லாம் எனக்கு இப்போதுதான் தெரியும். அப்படியானால் உறையூரும் பள்ளம்தானே ஐயா? இரண்டு பக்கமும் பள்ளம் என்றால் நான் என்னதான் செய்வது?

சங்கிலி அளவை எழுதியது:

புல எண்ணைக் காட்டாத இடத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள் சகோதரி. விற்பவர் மறைக்க வேண்டிய தகவல் இல்லை அது.

உறையூரிலும் தண்ணீர் வரும், ஆனால் அது எதுவரை வரும் என்பது உங்கள் வீட்டுச் சுவருக்குத் தெரியும். அப்பா கைகாட்டும் உயரத்தில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், எந்தப் பொறியாளரிடமும் அந்தக் கோட்டிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம். புது இடத்தில் அந்தக் கோட்டைக் காட்ட ஆள் கிடையாது.

வீட்டை விற்காமலும் வழி உண்டு. கையில் பணம் குறைவென்றால் முன்கட்டிலேயே ஒரு குளியலறை கட்டி, வாசலில் சாய்தளம் போட்டு, கைப்பிடி வைத்தால் அப்பாவுக்கு இப்போதைக்குப் போதும். பாக்கிப் பணத்தை அறுவைச் சிகிச்சைக்கு வைத்துக்கொள்ளலாம். இடிக்கத்தான் வேண்டும் என்றால், தில்லைநகரில் பழைய தனிவீடுகளைக் கட்டுமானக்காரரோடு பங்கு பேசி அடுக்குமாடியாக்குகிறார்கள். உங்கள் மனைக்கும் அது பொருந்தலாம். கீழே தூண்கள்மீது கார் நிறுத்துமிடம், முதல் மாடியில் அப்பாவுக்கு வீடு, மின்சாரப் பலகைகள் அந்தக் கோட்டுக்கு மேலே. தெருவின் அகலத்தைப் பொறுத்துத்தான் எத்தனை மாடிக்கு அனுமதி என்பது முடிவாகும். தெருவை அளந்து, பத்திரத்தில் உள்ள மனை அளவோடு எனக்கு எழுதுங்கள். கணக்குப் போட்டுச் சொல்கிறேன், இதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.